பிரிவு ஏழு

ஓல்டனில் பனிமூட்டம் விலகாத பதினோராம் நாள்.
ரூயெக் அம்மா ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.
நாளைக்கே தமிழில் வேண்டும்,
இரவு வேலையில் உங்கள் ஆட்கள் ஒன்பது பேர், என்றார்.
உங்கள் ஆட்கள். சரி.

பணியிடத்தில், உடைமாற்றும் அறையில்,
வாகனத் தரிப்பிடத்தில்
எந்தப் பணியாளரும் சுடுகலன் எதையும்
வெளிப்படையாகவோ மறைத்தோ
வைத்திருத்தல் ஆகாது.
அனுமதிப் பத்திரம் உள்ளவருக்கும் இது பொருந்தும்.

சுடுகலன் என்று எழுதிவிட்டு வெட்டினேன்.
பாண் போறணைகளுக்கு நடுவில்
அது ஏதோ அடுப்புச் சாமான் போல் இருந்தது.
துப்பாக்கி என்று போட்டேன்.
தவயோகன் எட்டிப் பார்த்தார்:
"துவக்கு எண்டு எழுதும்,
அப்பதான் வயித்தில விளங்கும்."

மறைத்து என்ற சொல்லில்தான் நெடுநேரம் நின்றேன்.
ஒளித்து? பதுக்கி?
ஏப்ரனுக்கு உள்ளே, இடுப்போடு இடுப்பாக,
நாலு மாதம்?

ஊர்ஸ்.
பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறான் என்று
நாங்கள் பகிடி பண்ணுகிறவன்.
ஐப்பசியில் ஒருநாள் தட்டுத் தூக்கக் குனிந்தான்.
விழுந்தது.
வெடிக்கவில்லை.
கொட்டிய மாவில் புரண்டு
பொரிக்க வைத்த மீன் மாதிரிக் கிடந்தது.
யாரும் கத்தவில்லை.
கலவை இயந்திரம் மட்டும்
தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவனுடைய தங்கையின் புருஷன் சொல்லியிருக்கிறான்:
உனக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று
எனக்குத் தெரியும்.
பொலிஸ் அதை எழுதிக்கொண்டதாம்.
எழுதிக்கொண்டது, அவ்வளவுதான்.
விசாரணையில் ஊர்ஸ் சொன்னான்,
நான் உங்களையும் சேர்த்துத்தான் காத்தேன்.

நன்றி சொல்வதா, ஏசுவதா?
அந்த நாலு மாதத்தையும் திருப்பி எடுத்துப் பார்க்கிறேன்.
என் பிறந்தநாள் கேக்கை அவன் வெட்டித் தந்தபோது
அது இருந்திருக்கிறது.
ஈரத் தரையில் நான் வழுக்கியபோது
பிடிக்க வந்த கை பாதியில் நின்றதே,
கூச்சம் என்று நினைத்தேன்.
இருந்திருக்கிறது.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம்.
இவனிடம் கனம் போன பிறகுதான்
பயத்தையே எங்களால் பார்க்க முடிந்தது.
இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தவன்
கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும்
வலக்கையை இடுப்புக்குக் கொண்டுபோனான்.
அங்கே ஏப்ரன் நாடா மட்டும்.

கையெழுத்து வாங்கினேன்.
"பாண் வெட்டுற கத்தி?" என்று கேட்டாள் இந்துமதி.
அது வேலைச் சாமான், பரவாயில்லை.
சிரித்தார்கள்.
தவயோகன் வாசிக்கவே இல்லை.
"இதுக்கு நான் எப்பவோ ஒப்பம் வைச்சிட்டன்" என்று
அழுத்திய அழுத்தில்
தாள் கிழிந்தது. இன்னொன்று அச்சடித்தேன்.
கடைசியாக ஊர்ஸ்,
தன் மொழித் தாளில், தேதியைப் பிழையாகப் போட்டு.

விடிய நாலு மணி.
வாசலில் நின்றவன் போகவில்லை.
ஆரே ஆற்றுப் பாலம் இருந்த இடத்தில்
வெறும் வெள்ளை.
"பஸ் வரைக்கும் கூட வருகிறாயா?"
ஆறு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி.
மழை இல்லை. என்றாலும் குடையை எடுத்தேன்.

ஒரு காரின் வெளிச்சம் எங்களை நோக்கி வந்தது.
இருவரும் நின்றோம்.
பால் வண்டி.
பிறகு தங்கை மகளுக்குப் பல் விழுந்த கதையை
அவசர அவசரமாகச் சொன்னான்.
விழுந்த பல்லைத் தானே வைத்திருக்கிறானாம்,
பர்ஸுக்குள்.

பஸ் வந்தது, ஏறினான், கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டினான்.
திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது,
தொழிற்சாலை வரைக்கும்
இனி நான் தனி.
குடையை
நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்,
கோட்டுக்கு உள்ளே.