முழு இழப்பு

'முழு இழப்பு' என்றார் டெரிக்,
தொலைபேசியில், வானிலை வாசிக்கிற குரலில்.
பழுது பார்க்க நாலாயிரத்து முந்நூறு.
வண்டியின் மதிப்பு இரண்டாயிரத்து நூற்றுப் பத்து.
ஆகவே, திருமதி பெல்க்கி, கணக்கு முடிந்தது.
ஸ்டார்ட் ஆகிறதே என்றேன்.
அது கணக்கில் வராது என்றார்.

இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்
என்பதெல்லாம் யானைக்கு.
இருபத்தோரு வயது மெர்க்குரியை
செத்த பிறகுதான் விலையே கேட்டார்கள்.

மோதியவன் கோல்ட்டன், பத்தொன்பது வயது,
பீட்சாக் கடை வேலை முடிந்து வீடு திரும்புகிறவன்.
பியூட் நகரத்துச் சரிவில் பனி இறுகிக் கிடக்க,
பிரேக்கை மிதித்தபடியே வந்து சேர்ந்தான்,
அவசரமே இல்லாமல், விருந்தாளி போல.
இறங்கி அழுதான்.
போலீஸ் வரும்வரை நின்றோம்.
அவன் கொண்டுவந்த பீட்சா ஆறிக்கொண்டிருந்தது.
பிறகு அதைத் தின்றோம்.

அவனுடைய இன்சூரன்ஸ்காரர்தான் டெரிக்.
அவர் அனுப்பிய பதினாலு பக்கத்தில்
என் வண்டிக்கு 'ஒப்பான' மூன்று வண்டிகள்.
ஒன்று ஸ்போக்கேனில், முந்நூறு மைலுக்கு அப்பால்.
ஒன்றுக்கு ஹீட்டர் வேலை செய்யாது;
ஜனவரியில், இங்கே, அது வண்டியே இல்லை.
மூன்றாவது விற்றுப்போயிருந்தது.
இருக்கை: சராசரி. கார்ப்பெட்: சராசரி.
பெயின்ட்: சராசரிக்குக் கீழே.
பார்க்காமல் எழுதுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

நானும் எழுதினேன்,
ரொட்டி அடுப்பேறும் இடைவெளிகளில், மாவு படிந்த விரலால்.
நவம்பரில் போட்ட நாலு டயர், ரசீது உண்டு.
ஆல்டர்னேட்டர், ரசீது உண்டு.
கண்ணாடி வைப்பர், ரசீது இல்லை, நம்புங்கள்.
மிசூலாவில் இதே வண்டிக்கு மூவாயிரம் கேட்கிறார்கள், இதோ விளம்பரம்.
ஆறு நாள். நாலு அழைப்பு.
காத்திருக்கச் சொல்லிப் போடுகிற அந்த இசைக்கு
இப்போது என் கை தானாகவே மாவு பிசைகிறது.
கடைசியில் இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது.
'இதுக்கு மேல என் கையில் இல்லைங்க' என்றார்.
பதினாலு பக்கத்திலும் இல்லாத ஒரு வாக்கியம்.
சரி என்றேன்.

நானூறு கழித்துக்கொண்டால் வண்டி உங்களுக்கே, என்றும் சொன்னார்.
ஒரு ராத்திரி யோசித்தேன்.
யார்டுக்கார லெபோ அடியில் படுத்துப் பார்த்துவிட்டு,
வளைந்தது வளைந்ததுதான் என்றார்.

எந்தக் கட்டத்திலும் நான் எழுதாதது ஒன்று உண்டு.
பக்கத்து இருக்கைக் கதவு உள்ளிருந்து திறக்காது.
வாங்கின நாளிலிருந்தே.
குன்றின் மேல் சுரங்கக் கோபுரங்கள்
சிவப்பு விளக்கோடு நிற்கிற நேரம்,
அதிகாலை இரண்டரைக்கு, டயானை ஏற்றிக்கொண்டு
பேக்கரி வாசலில் நிறுத்துவேன்.
இறங்கி, முன்பக்கம் சுற்றிப் போய்
அவளுக்குக் கதவு திறந்துவிடுவேன்.
ஒன்பது வருஷம்.
'ரெண்டு புருஷனும் எனக்குக் கதவு திறந்ததில்லை'
என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள்.
அப்புறம் எப்படிச் சொல்வது?
மெக்கானிக்கிடம் காட்டவும் மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்கப் போனோம்.
பின்பக்கம் நசுங்கி, கூரையில் ஒரு சாண் பனியோடு
வரிசையில் ஏழாவதாக நின்றது.
திறந்துவிட்டேன். டயான் உட்கார்ந்து
டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்தாள்:
சில்லறை, ஒற்றைக் கையுறை,
எதைத் திறக்கும் என்று தெரியாத ஒரு சாவி.
டிக்கியில் வேலை முடித்து
வழக்கம்போல் சுற்றி வந்தேன்.
கை நீட்டுவதற்குள்
கதவு உள்ளிருந்து திறந்தது.

மோதிய வேகத்தில் எதுவோ நகர்ந்து
தன் இடத்துக்கு வந்துவிட்டிருக்கிறது.
டயான் சாத்தினாள். மறுபடி திறந்தாள்.
'எப்போ சரியாச்சு இது?' என்றாள்.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும்.

லெபோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.
நம்பர் பிளேட்டைக் கழற்றித் தந்தார்,
ஒரு திருகு சுழலாமல் அடம்பிடித்தது.

வாடகைக் கார் வெள்ளிக்கிழமை வரைதான்.
நாலு கதவும் விரல் பட்டாலே திறக்கும்.
பேக்கரி வாசலில் நிறுத்தினேன்.
டயான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்,
மடியில் அந்த ஒற்றைக் கையுறை,
நான் சுற்றி வரும்வரை.