நாடாவுக்குக் கீழே

மல்வானைக் கன்று என்றுதான் விற்றான்,
நிந்தவூர்ச் சந்தியில் லொறியை நிறுத்தி.
எழுநூற்றைம்பது. ஐம்பதைக் குறைத்தான்.
"ஒட்டுக்கண்டு ராத்தா, மூணாம் வருசம் காய்க்கும்."
றம்புட்டானுக்கு இந்த மணலா என்று
கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.
அன்றைக்குத்தான் நீங்கள் கத்தாரிலிருந்து சொல்லியிருந்தீர்கள்,
வளவில் ஒரு நல்ல மரம் வை என்று.

இரண்டு முழக் கிடங்கு.
வயலிலிருந்து ஒரு பேக் களி, மாட்டெரு, தும்பு,
அடியில் உடைந்த ஓடு.
அதற்கும் கீழே உப்பு என்று ஊரில் பேச்சு.

சித்திரை போய்க் கச்சான் தொடங்கிற்று.
கச்சானை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை:
கதவு மூடியிருந்தும் சோற்றில் மணல்,
பத்து மணிக்கே கொடியில் சாரன் முறுகும்.
மேற்கே மட்டும் கிடுகு கட்டினேன்.
நாலு பக்கமும் கட்டியிருக்க வேண்டும்.

இருபதாம் நாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
நாடா சுற்றிய இடத்துக்கு மேலே
விறகு.
கீழே பச்சை.
கறிக்கத்தியால் மேலதை வெட்டினேன்.
ஒரு மாதம் கழித்துக் கீழிருந்து ஒரு முளை,
செம்பு நிறம்.
படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன்,
வெட்டுக் கட்டை தெரியாமல்
விரலால் மறைத்து.

உளூச் செய்யும் கல்லை அதன் பக்கம் நகர்த்தினேன்.
சுபஹுத் தண்ணி, லுஹர்த் தண்ணி,
மகள் அவசரத்தில் ஊற்றும் அஸர்த் தண்ணி கொஞ்சம் குறைவு.
மீன் கழுவியது அன்னமுன்னாவுக்கு,
சவர்க்காரத் தண்ணி வாழைக்கு.
அவையெல்லாம் கேட்பாரற்றுக் காய்த்தன.
கொய்யாவை வௌவால் பார்த்துக்கொண்டது.
நீங்கள் வெள்ளிக்கு வெள்ளி
ஒன்றைத்தான் விசாரிப்பீர்கள்:
"றம்புட்டான் எப்பிடி?"
"நல்லா இருக்கு."
பொய்யில்லை. கூரையைத் தாண்டி நின்றது.

ஆறாம் வருசம் பூத்தது.
சொரிந்து பூத்தது.
விடியலில் ஒரே இரைச்சல்,
மோட்டரை நிறுத்த மறந்தேனோ என்று ஓடிப் போனேன்.
தேனீ.
அந்த வீடியோவை
உங்கள் அறையில் எட்டுப் பேர் பார்த்தார்களாம்.
கேரளாக்காரருக்கு ஒரு கிலோ என்று
அப்போதே பங்கு வைத்தீர்களாம்.

மறுகா எல்லாம் உதிர்ந்தது.
சீமெந்துத் தரை மஞ்சளாய்க் கிடந்தது.
கூட்டி அள்ளினேன். ஒரு பிஞ்சில்லை.

விவசாயக் கந்தோரிலிருந்து தர்மினி மிஸ் வந்தா,
காரைதீவுப் பிள்ளை.
உள்ளங்கையில் ஒரு பூவை வைத்து ஊதினா.
"இது ஆண்மரம் அக்கா. ஒட்டு எங்க?"
தண்டைத் தடவி
நாடாவின் தழும்பில் விரலை நிறுத்தினா.
நான் மதிலைப் பார்த்தேன்.

"கார்த்திகை மழை பிடிக்கட்டும்,
வெட்டிட்டுப் புதுக் கண் ஒட்டுவம்.
ஒரு கிளைய மட்டும் ஆணாவே விடுவம்.
பக்கத்தில எங்கயும் றம்புட்டான் நிக்கா?"

நின்றது.
மதிலுக்கு அங்கால, ஹாஜறா மச்சியின் வளவில்,
வருசா வருசம் பூத்து
ஒன்றும் பிடிக்காத மரம்.

நேற்று மச்சி கோப்பையில் பதினொரு பழம் தந்தா.
சின்னன், மயிர் கருகினது,
சதை கொட்டையை விட மாட்டேன் என்றது.
"சூரைத் தலை தாட்டன் புள்ள, அதான் புடிச்சிது"
என்றா, மதிலுக்கு மேலால்.
"மெய்தான் மச்சி" என்றேன்.

இன்று வெள்ளி. கேட்டுவிட்டீர்கள்.
கோப்பையைப் படம் எடுத்தேன்.
மகள் தின்றது போக ஏழு.
யாருடைய மரம் என்று எழுதுவது?
அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நிற்கிறது,
கட்டையை மறைத்த அதே விரல்.

வெளியே உளூக் கல்லில் தண்ணி விழும் சத்தம்.
இன்றைக்கும் அரை வாளிதான்.
அஸருக்கு இன்னும் நேரம் கிடக்கு மகள்,
முழுசாய் ஊற்று.