ஐந்தடி ஏழங்குலம்

தலைவரின் உயரம் ஐந்தடி ஏழங்குலம்.
எனக்கும் அதே.
அதனால்தான் செவ்வாய்க்கிழமை
தறியை நிறுத்திவிட்டுப் போனேன்.
அறுநூறு ரூபாய், ஒரு பிரியாணி,
பொட்டலத்தில் முட்டை உறுதி என்றார்கள்.

பொதட்டூர்பேட்டையில்
ஒரே ராத்திரியில் ஒரு டீக்கடை முளைத்திருந்தது.
கூரைக்குப் பழைய ஓலை வேண்டுமென்று
சித்தூர்ப் பக்கமிருந்து லாரியில் வரவழைத்தார்கள்.
புதுச் சுவருக்கு மூன்று பேர்
தூரிகையால் பழைய கரி பூசினார்கள்.
எதிரே
பத்தொன்பது வருஷமாக டீ ஆற்றும் ரெட்டெம்மா கடையைப்
பாதுகாப்பு கருதித்
தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.
இஞ்சி வாசம் மட்டும்
பாஸ் இல்லாமல் வெளியே நடமாடியது.

நிகழ்ச்சி நிரல் என் சட்டைப்பையில் இன்னும் இருக்கிறது:
பத்து நாற்பது, தற்செயலாக வண்டி நிற்கிறது.
பத்து நாற்பத்திரண்டு, தற்செயலாக ஒரு டீ.
பத்து நாற்பத்து நாலு, தற்செயலாக ஒரு குழந்தை.
(அழாத குழந்தை. திருத்தணியிலிருந்து
முதல் நாளே வந்து லாட்ஜில் தங்கியிருந்தது.)
பத்து நாற்பத்தைந்து, கண் கலங்குகிறார்.

கேமராக்காரப் பையன் என்னை வைத்து வெளிச்சம் பார்த்தான்.
தலைவரே, கொஞ்சம் இடப்பக்கம்.
தலைவரே, தாடையைத் தூக்குங்க.
தலைவரே, பீடியைக் கீழே போடுங்க.

மக்கள் மூன்று வேனில் வந்தார்கள்.
அதில் இரண்டு வேன் நகரி.
ஓட்டு அங்கே, ஆரத்தி இங்கே.
போன மாசம் அந்தப் பக்கத்துத் தலைவருக்கும்
இவர்கள்தான்.
"தட்டு அதேதான் அன்னா,
துண்டு கலர்தான் வேற" என்றாள் ஒருத்தி,
கற்பூரத்தை எண்ணிக்கொண்டே.

"கையைப் பிடிச்சிக் குறையைச் சொல்லுங்கம்மா,
ஒத்திகைதான், சும்மா எதையாவது சொல்லுங்க."
அந்த எதையாவது-தான் தப்பாகிவிட்டது.

சுகுணா முதலில் பிடித்தாள்.
பிடித்தவள் விடவில்லை.
வெள்ளத்தில் போன தரைப்பாலம்,
இடுப்பு வலியோடு தங்கச்சியை
டிராக்டரில் சுற்றிக் கொண்டுபோனது,
பொண்ணு பொழைச்சா, புள்ள லேது பாவா.
அடுத்தவள் தறிக்கூலி.
அதற்கடுத்து முனிலட்சுமி, சாதிச் சான்றிதழ்:
இங்கே கேட்டால் நீ ஆந்திரா என்கிறான்,
அங்கே கேட்டால் நீ அரவம் என்கிறான்,
நடுவில் இருக்கிற செக்போஸ்ட்டில்
எனக்கு ஒரு சாதி போட்டுக் கொடு.

எனக்கு வசனம் கிடையாது.
உயரம் மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.
ஆனாலும் கையை உருவிக்கொள்ள முடியவில்லை.
அப்படியா என்றேன்.
நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில்
பாலம் என்று எழுதினேன். கூலி என்று எழுதினேன்.
பையன் கேமராவை அணைத்துவிட்டு
சார்ஜர் தேடப் போயிருந்தான்.

பத்து நாற்பது
மத்தியானம் ஒன்றேகாலுக்கு வந்தது.
பக்கத்தில் பார்த்தேன்,
ஐந்தடி ஐந்துதான்.
மீதி செருப்பு.

டீ அவர் காரிலிருந்து பிளாஸ்க்கில் இறங்கி
கண்ணாடி டம்ளருக்கு வேஷம் மாறியது.
ஒரு வாய் குடித்தார், தலைகள் ஆடின.
பிறகு சுகுணாவின் கையைப் பிடித்தார்.
"சொல்லும்மா."
அவள் சும்மா நின்றாள்.
"பயப்படாம சொல்லும்மா."
"சொல்லிட்டேங்க."
"யாருகிட்ட?"
கேமராவுக்குப் பின்னால்
சுவரோரம் குந்தி
பிரியாணி தின்றுகொண்டிருந்த என்னைக் காட்டினாள்.

ராத்திரி டிவியில் வயலின் போட்டு ஓடியது:
தலைவரைக் கண்டு
வார்த்தை வராமல் உருகிய தாய்.

முட்டை இல்லை.
அதை விடுங்கள்.

டீக்கடையைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்,
அடுத்த ஊரில் தற்செயலாக வேண்டுமாம்.
கரி பூசிய பலகை ஒன்றை ரெட்டெம்மா
விறகுக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

நேற்று சந்தையில் சுகுணா நிறுத்தினாள்,
கையில் கத்திரிக்காய்ப் பை,
முகத்தில் சிரிப்பா இல்லையா தெரியவில்லை.
"தலைவரே, பாலம் என்னாச்சு?"

இந்த வாய் சும்மா இருந்திருக்கலாம்.
பார்க்கிறேன் என்றுவிட்டேன்.