ஒற்றையானை

தேன்கனிக்கோட்டைக்கு மேலே ராகிக் காட்டில்
விடியாத மூன்று மணிக்கு
ஒற்றையானையைப் படமெடுத்தேன்.
பெட்ரோல் நூற்றிருபது.
பத்திரிகை தந்தது எழுபது.

மதியத்துக்குள் யானை
எல்லார் செல்போனிலும் நடந்தது.
என் பெயர் மட்டும்
வழியில் எங்கோ கழன்றுவிட்டது.

ஏதோ ஒரு நாட்டில்
செய்திக்குக் காசு வை என்று
அந்தக் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டார்களாம்.
அதையும் ஓசியில்தான் படித்தேன்.

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிக்குத் தரகு போக
துண்டுச்சீட்டாவது மிஞ்சும்.
இங்கே சட்டம் வந்தாலும்
சீட்டு சென்னை ஆபீஸோடு நின்றுவிடும்
என்கிறான் போட்டோக்கடை திம்மராயன்.

நேற்று மாதப்பனைப் பார்த்தேன்.
மிதிபட்ட ராகிக்கு நஷ்டஈடு கேட்டு
ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்.
வந்ததும் சொல்லுங்க, எழுதுறேன் என்றேன்.

“எங்க காட்டு யானைய ஊரே பாத்துச்சாமே,
உனக்கு எவ்ளோ வந்துச்சு?” என்றார்.