பதினேழாம் குழாய்

மாதிரி எடுக்கும் நாளில்
ஸ்டென்கா கைக்குக் கிரீம் பூசுவதில்லை.
பெட்ரோல் போடுவதும் முந்தின நாளே.
தன் வாசனை தண்ணீருக்குள் போய்
பொய்ச்சாட்சி சொல்லிவிடக் கூடாது.

ஸ்லோவாக்கியா. முட்கம்பிக்குள் ஒரு புல்மேடு.
மேலே களிமண், நடுவே பிளாஸ்டிக் விரிப்பு,
அடியில், மூடிப்போன ஆலையின்
நாற்பது வருடக் கசடு.
மான்கள் மேய்கின்றன.

உள்ளங்கை அகலக் குழாய்.
யாரும் குடிக்காத கிணறு இது,
ஒட்டுக்கேட்கத் தோண்டியது.
முதல் நீரைக் கொட்டுகிறாள், அடுத்ததையும்.
தேங்கியது நிஜம் பேசாது.
வெப்பமானி பதினொன்றில் அசையாது நின்றபின்தான்
குப்பியை நீட்டுகிறாள்.

பளிங்கு மாதிரி இருக்கிறது.
அதுதான் பயம்.

வேலிக்கு அப்பால் கோலாரிக்
குடைமிளகாய்க்கு நீர் பாய்ச்சுகிறார்.
"என்ன, நல்லாத்தானே இருக்கு?"
"மூன்று வாரத்தில் சொல்கிறேன்."

விஷம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் நடக்கும்.
அவர் கிணறு எண்பதில்.
தடுப்புச் சுவருக்குப் பணம் ஒதுக்கும் கூட்டம்
மறுபடி தள்ளிப்போன இரவில்
மூன்று முறை வகுத்துப் பார்த்தாள்.
விடை மாறவில்லை.

ஐஸ் பெட்டியை மூடுகிறாள்.
வேலிமேல் அவர் நீட்டிய இரண்டு மிளகாயை
மறுக்கத் தெரியாமல் வாங்கி,
குப்பிகளுக்கு எட்டாமல்
பின்சீட்டில் வைத்தாள்.
வழியெல்லாம்
காரில் அவற்றின் மணம்.