ஒன்றரை மில்லிமீட்டர்

டோனோபாவுக்கு வடக்கே, மாடு தாண்டாதிருக்க
சாலையில் பதித்த இரும்புச் சட்டங்கள்.
ஐம்பது மைல் வேகத்தில் ஏறினால் தொடங்கும்:
ஸ்டியரிங்கில் ஒரு சிலிர்ப்பு,
பிறகு ஜீப் முழுக்கக் குளிர்ஜுரம்.

மூன்று டாம்பர் மாற்றிவிட்டேன்.
ஒவ்வொன்றும் ஒரு மாதம் நடித்தது.

லொரேனா மண்ணில் முதுகைச் சாய்த்து
அடியில் நுழைந்தாள்.
"இன்ஜின் ஓடட்டும். இடம், வலம்.
மெதுவா. அதைவிட மெதுவா."

திறந்த கதவு வழியே
அவள் பூட்ஸ் மட்டும் தெரிகிறது,
ஒன்றில் பச்சைக் கயிறு, மற்றதில் கறுப்பு.
விரல், டிராக் பார் போல்ட்டின் தலைமேல்
நாடி பார்த்துக்கொண்டிருக்கும்.

"இதோ. கேட்டதா?"
இல்லை.
"கேட்காது."

கழற்றிக் காட்டினாள்.
வட்டத் துளை முட்டையாகியிருந்தது.
ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை.
இதற்கா நான் இரண்டு வருஷம்
லாரிகளுக்கு ஒதுங்கி ஊர்ந்தேன்?
இதற்கா மரீன் என்னோடு ஏற மறுத்தாள்?

பற்றவைத்தாள், துளையிட்டாள், புது போல்ட்.
டார்க் ரெஞ்ச் சொடுக்கியது.
டாம்பரைக் கழற்றி என் மடியில் போட்டாள்:
"இது இல்லாமப் போய்ட்டு வா."

கடகட. அவ்வளவுதான்.
நம்பாமல் திரும்பி வந்து
இன்னொரு முறை தாண்டினேன்.
பிறகும் ஒரு முறை.
வேலியோரம் நான்கு மாடுகள்
மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.