உப்பைத் தின்றவள்

காப்பியை இப்போது அரைக் கோப்பைதான் ஊற்றுகிறேன்.
மேலே காலியாய்க் கிடப்பது
என் கை ஆடுவதற்கான இடம்.

உணவுக்கூடத்தில் சூப்பு எடுப்பதில்லை.
ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம்,
கரண்டி கேட்காத எதுவும்.
“மெலியப் பார்க்கிறாயா, எதெல்வினா?” என்றான் நிபால்தோ.
ஆமாம் என்றேன்.
ஏப்ரலிலிருந்து பதினோரு கிலோ ஏறியிருக்கிறேன்.
அவன் சிரிக்கவில்லை.

அத்தகாமா பாலைவனத்தில் என் வேலை இதுதான்:
உப்புநீர்க் குளங்களின் கரையோரம் நடந்து
போத்தலில் மாதிரி எடுப்பது.
நீலமாய் வந்து சேரும் நீர் பச்சையாகி,
ஒன்றரை வருடம் வெயிலில் கிடந்து
எண்ணெய்போல் மஞ்சளாய்த் தடித்துவிடும்.
அதற்குள் இருக்கிறது லித்தியம்.
லாரியேறி, கப்பலேறி,
யார் யாருடைய கார்களுக்குள்ளோ போகிறது.
ஒரு துளி மட்டும் வெள்ளை மாத்திரையாகி
இரவு ஒன்பது மணிக்கு என் நாக்கின் மேல்.
இந்தக் குளத்து உப்புதானா என்று
பொறியாளரிடம் கேட்டேன்.
“தெரியாது. உனக்கெதற்கு?”
சும்மாதான்.

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.
குற்றம் செய்தவர்களுக்குச் சொல்வது அது.
நான் என்ன செய்தேன் என்று
ஐந்தாவது லிட்டரைத் திறக்கும்போது கேட்டுக்கொள்வேன்.

இரவில் மூன்று முறை எழுகிறேன்.
கழிவறை முற்றத்தின் அந்தப் பக்கம்.
மேலே நட்சத்திரங்கள், அத்தனையும்,
ஒளிவு மறைவே இல்லாமல்.
முன்பு அவை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன.
அந்த மார்ச்சில் வெறுங்காலோடு அவற்றின் பின்னால்
உப்புப் படுகையில் பதினான்கு கிலோமீட்டர் நடந்தேன்.
அதற்கு முந்தைய வாரம்
அக்காவின் ஒன்பது லாமாக்களை
ஒரு கித்தாருக்கு மாற்றியிருந்தேன்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
பாதத்தில் உப்பு கீறிய கோடுகள் இன்னும் வெள்ளையாய் இருக்கின்றன.
இப்போது நட்சத்திரங்கள் வெறும் நட்சத்திரங்கள்.
போய்விட்டு வந்து படுத்துக்கொள்கிறேன்.

நேற்று கலாமாவில் வங்கிக்குப் போனேன்.
கையெழுத்து பொருந்தவில்லை என்றாள்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.
மறுபடி போட்டேன். மறுபடியும்.
பெயரின் முதல் வளைவே
நிலநடுக்கமானியின் ஊசி வரைந்ததுபோல் வந்தது.
பின்னால் வரிசை செருமியது.
நான்காவது தாளில் குரலைத் தாழ்த்தி,
“குடித்திருக்கிறீர்களா?”
தண்ணீர் என்றேன். நிறைய.
மைப்பெட்டியைத் தள்ளினாள்.
கட்டைவிரலை வைத்தேன். அதுவும் அசைந்து
ஒரு விரலுக்கு இரண்டு ரேகை.
போதும் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் யாஞெஸுக்கு என் ரத்தத்தில் மகிழ்ச்சி.
புள்ளி ஏழு. அழகான எண்ணாம்.
நடுக்கத்துக்கு வேறொரு மாத்திரை தரலாம் என்றார்.
அதற்கு என்னென்ன விளைவு என்று கேட்டதும்
மேசை இழுப்பறையைத் திறந்தார்.
யோசிக்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.
ஆகஸ்டில் நான்கு இரவு மாத்திரை போடவில்லை.
நான்காம் நாள் கை கொஞ்சம் அடங்கியது.
ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்தேன்,
அவிழ்த்தேன், திரும்பக் கோத்தேன்,
தைக்க ஒன்றுமில்லாமல் அழுதேன்.
ஐந்தாம் இரவு
சுவரில் தொங்கிய கித்தார்
“எதெல்வினா” என்றதுபோல் இருந்தது.
அவ்வளவு அன்பாக.
விளக்கைப் போட்டேன். அக்காவை எழுப்பி
என் எதிரே உட்காரச் சொல்லி
மாத்திரையை விழுங்கினேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
வெறும் தொழுவம் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

இன்று ஏழாம் குளம்.
காற்று நின்றிருந்தது, நீர் கண்ணாடி.
போத்தலை நுழைத்ததும் என் கையிலிருந்து
வளையம் வளையமாய்க் கிளம்பிக்
கரை வரைக்கும் போயின.
இரண்டு பூநாரைகள் உயரத்தில் போய்க்கொண்டிருந்தன, இறங்காமல்.
சீட்டில் எழுதினேன்: குளம் ஏழு, பதினொன்று நாற்பது.
கோழி கிளறியதுபோல்.

ஆய்வகத்தில் நிபால்தோ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
“ஏழு. பதினொன்று நாற்பது,” என்று
சத்தமாய் வாசித்துவிட்டு
அடுத்த போத்தலுக்குக் கை நீட்டினான்.